செயலாளரின் ஆண்டறிக்கை: 4294967297 உடன் ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பல தலைப்புகளை மேலோட்டமாகத் தொடுவதை விடுத்து ஓர் எண்ணையே ஆண்டு முழுவதும் ஆராய்வதெனச் சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருந்தோம். அதற்கமையப் பௌர்ணமி விடுமுறையான போயா நாள் மாலைகளில், நல்லூரிலுள்ள அங்கத்தவர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் கூடினோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

நாம் தெரிந்தெடுத்த எண், இரண்டின் 32ஆம் வலுவுடன் ஒன்றைக் கூட்டப் பெறப்படுவது. இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுடன் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என ஐந்து முதன்மை எண்கள் (ஒன்றாலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை) வருவதைக் கண்ட பிரெஞ்சுச் சட்டத்தரணியும் கணித மேதையுமான பேர்மா, இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மை எண்களே என 17ஆம் நூற்றாண்டில் நம்பினார். ஆறாவதாக வரும் எமது எண் 641 ஆல் மீதியின்றி வகுபடுவதை 1732இல் சுவிஸ் கணித மேதை ஒயிலர் காட்டினார். ஐந்து உதாரணங்கள் ஒத்துவந்தாலும் அது நிறுவலாகாது என்பதை எமது உயர்தர மாணவர்களுக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த எண்ணை நான் அறியேன்.

அத்தனை எண்களுள் 641ஐ எவ்வாறு கண்டார் என்ற கேள்விக்கே இரண்டு கூட்டங்கள் சென்றன. இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவாயினும் அதை 64 ஆல் வகுக்க மீதி ஒன்று வரவேண்டும் என ஒயிலர் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்றே தொடங்குவதால் ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

வகுத்துப் பார்க்காமலும் இதனை நிறுவலாம். 641 என்பது 5ஐ 128 ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. அதுவே 625உம் 16உம் சேர்ந்தது, அதாவது 5இன் நான்காம் வலுவும் 2இன் நான்காம் வலுவும் சேர்ந்தது. முதற் கூற்றின்படி, 5ஐ 128 ஆல் பெருக்க வருவது 641ஐ விட ஒன்று குறைவு என்பதால், அதன் நான்காம் வலு 641இன் மடங்கொன்றை விட ஒன்று கூடியதாகும்; ஆகவே 5இன் நான்காம் வலுவை 2இன் 28ஆம் வலுவால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 641 ஆல் வகுபடும். இரண்டாம் கூற்றை 2இன் 28ஆம் வலுவால் பெருக்க, அதே பெருக்கத்துடன் 2இன் 32ஆம் வலுவைக் கூட்டினால் வருவதும் வகுபடும். பின்னையதிலிருந்து முன்னையதைக் கழிக்க எஞ்சுவது எமது எண்ணேயாகும். ஓய்வுபெற்ற ஆசிரியரான எமது மூத்த அங்கத்தவர் இதைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது விறாந்தையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

மற்றைய காரணி 6700417; அதுவும் முதன்மை எண்ணே. சரிபார்ப்பதற்காக அதனை 641 ஆல் பெருக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. 4020250200, 268016680, 6700417 என மூன்று வரிகளை எழுதிக் கூட்டிய நான், ஆயிரமாந் தானத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டதால் 4294966297 என முடித்தேன். பின்வரிசையிலிருந்த சாதாரணதர மாணவி ஒருத்தி எழுந்து வந்து அந்த இலக்கத்தைத் திருத்தினாள். அவளை அங்கத்தவராகச் சேர்க்கும் பிரேரணையை இன்றைய சபையில் முன்வைக்கிறேன்.

ஒழுங்கான பல்கோணிகளை நேர்விளிம்பும் கவராயமும் கொண்டு வரைவது பற்றியும் ஒரு கூட்டம் நடைபெற்றது. 17 பக்கப் பல்கோணியை அவ்வாறு வரையலாம் என 1796இல் ஜேர்மன் கணித மேதை கவுஸ் காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையெனின், அது மேற்கண்ட வரிசையில் வரும் முதன்மை எண்களாகிய பேர்மா முதன்மை எண்களுள் ஒன்றாகவோ வெவ்வேறான சிலவற்றின் பெருக்கமாகவோ இருந்தாலே அவ்வாறு வரையலாம். 4294967297 பக்கங்கள் கொண்டதை அவ்வாறு வரைய முடியாமைக்குக் காரணம் 641உம் 6700417உம் பேர்மா முதன்மை எண்களாக இல்லாமையே. 65537ஐ விடப் பெரிய பேர்மா முதன்மை எண் எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

வரிசையின் அடுத்த எண்ணாகிய 18446744073709551617ஐ வரும் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். அதன் காரணிகளான 274177ஐயும் 67280421310721ஐயும் 1880இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லண்ட்ரி தமது 82ஆவது வயதில் வெளியிட்டார். அப்பெருக்கத்துக்கு இப்போதுள்ள கரும்பலகை போதாது என்பதால், இன்னொன்று வாங்குவதற்கான அனுமதியையும் கோரி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்