காலாண்டு நிறைவையொட்டிப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மதிப்பெண் அட்டைகளை வகுப்பாசிரியர்கள் இந்த வாரம் கொடுத்துவிடுவார்கள். பேச்சுப்போட்டி, அறிவியல் கண்காட்சி, மரக்கன்று நடுதல் எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் 11 பதக்கங்கள் பெற்றிருக்கிறோம். ஆறு பேர் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

அந்த ஆறு பேரையும், தினமும் மாலையில் அவர்களோடு ஓட வருகிற மற்றப் பிள்ளைகளையும் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

குறுவட்டப் போட்டியின் 400 மீட்டர் ஓட்டத்தில் நம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடைசி வளைவு வரை முதலாவதாக வந்தாள். நேர்ப்பாதைக்குத் திரும்பியதும் வேலியோரத்திலிருந்து "எட்டி வை! எட்டி வை!" என்று குரல் வந்தது. அவளும் எட்டி வைத்தாள். தோள்கள் காதுவரை ஏறின. தலை பின்னால் சாய்ந்தது. ஒவ்வொரு காலும் உடம்புக்கு வெகு முன்னால் போய்க் குதிகாலில் விழுந்தது. இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். கோட்டைக் கடந்தவள் வலது குதிகாலைத் தரையில் ஊன்றவே இல்லை. விசாரித்தபோது, மூன்று வாரமாகவே வலி இருந்தது தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், சார்" என்றாள்.

அவளுடைய ஷூவைக் கழற்றிப் பார்த்தோம். முனையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தது. வளர்கிற பிள்ளை, அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியது. ஒரு ஷூ என்ன விலை விற்கிறது என்று எனக்குத் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தொளதொளத்த ஷூவைப் பிடித்துவைக்கக் கால்விரல்கள் ஒவ்வோர் அடியிலும் மடங்குகின்றன. அந்தக் காலால் நிலத்தை உதைத்து எழ முடியாது. அளவான ஷூ இல்லாவிட்டால், கல்முள் பொறுக்கிய நம் மண் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடட்டும். பழகிய பிள்ளைகளுக்கு அதில் குறைவொன்றும் இல்லை.

"எட்டி வை" என்பது ஏன் தவறு என்பதை நம் உடற்கல்வி ஆசிரியர் ஒரு மழை விட்ட காலையில் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஈரச் செம்மண்ணில் ஒரு மாணவனை முதலில் எட்டி வைத்தும், பிறகு இயல்பாகவும் ஓடவிட்டார். எட்டி வைத்த தடங்களில் குதிகால் ஆழமாகக் குழி பறித்திருந்தது. மண் முன்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. மண் முன்னால் போயிருக்கிறது என்றால் கால் நிலத்தை முன்னோக்கித் தள்ளியிருக்கிறது, அதாவது பிரேக் போட்டிருக்கிறது. இயல்பான தடங்களில் குழி ஆழமில்லை; மண் பின்னால் சிதறியிருந்தது. நானும் குனிந்து பார்த்தேன். இத்தனை வருடம் நானே பிள்ளைகளை எட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. பாதம் இடுப்புக்கு ஏறக்குறைய நேர் கீழே, முழங்கால் சற்று மடங்கிய நிலையில் இறங்கினால் தசைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். கால் விறைப்பாக முன்னால் நீண்டு விழுந்தால் எலும்பும் மூட்டும்தான் தாங்க வேண்டும். பத்து முதல் பதினான்கு வயதுக்குள் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் எலும்பு வளரும் இடங்கள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. தசைநாண்கள் அங்கேதான் பிடித்து இழுக்கின்றன. மருத்துவர் அந்த மாணவிக்குச் சொன்னதும் இதுதான். சில வாரம் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். மறைத்துக்கொண்டு ஓடினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

உசேன் போல்ட்டின் காணொளியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டி, நீண்ட அடிகளைப் பாரென்று சில பெற்றோர்கள் சொல்கிறீர்கள். 2009இல் பெர்லினில் அவர் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓட 41 அடிகள்தாம் வைத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் உயரம் 195 சென்டிமீட்டர். அந்த நீளமும் பின்னங்கால் நிலத்தை உதைத்த வேகத்தால் கிடைத்தது, முன்னங்காலை நீட்டியதால் அல்ல. 1996இல் அட்லாண்டாவில் 200 மீட்டரை 19.32 நொடியில் ஓடிய மைக்கேல் ஜான்சன் நெஞ்சை நிமிர்த்திக் குட்டை அடிகள் வைத்துத்தான் ஓடினார். ஒருவர் அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது.

பள்ளியில் சொல்லித்தருவது எளிமையானதுதான். பார்வை முன்னால், தோள் தளர்வாக, கை மார்புக்குக் குறுக்கே போகாமல் முன்னும் பின்னும். உடம்பு இடுப்பில் கூனாமல் கணுக்காலிலிருந்தே லேசாக முன்சாய வேண்டும். அடியின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்து, அடிகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இதையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை, வாரக்கணக்கில்தான். புத்தகப்பையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. அதை மீறிய பைகள் நம் பள்ளியில் நிறைய இருக்கின்றன. இதில் பள்ளியின் பொறுப்பும் உண்டு. பாடவேளை அட்டவணையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். நாளெல்லாம் பை சுமந்து கூனிய பிள்ளையிடம் மாலையில் மட்டும் நிமிர்ந்து ஓடு என்றால் எப்படி முடியும்?

சிலவற்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். பயிற்சி நேரத்தில் வேலிக்கு வெளியிலிருந்து யாரும் ஓடும் முறையைச் சொல்லிக் கத்தக் கூடாது. விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடவிட்டு, அதைச் சொல்லாமல் மாலையில் இங்கும் அனுப்பக் கூடாது. வலி இருக்கிற பிள்ளை, மாவட்டப் போட்டிக்கே தேர்வாகியிருந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை ஓட மாட்டாள், ஓட மாட்டான். இதில் விலக்குக் கேட்டு என்னிடம் வர வேண்டாம்.

உங்கள் அக்கறையை நான் அறியாதவன் அல்ல. சுண்ணாம்புக் கோடு போட்டுத் தந்தவர்களும், மாலைதோறும் சுண்டல் அவித்து அனுப்புகிறவர்களும் நீங்கள்தாம். அந்த மாணவியின் தந்தை மறுநாளே வந்து, "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இப்போதும் மாலையில் வருகிறார். மகள் மர நிழலில் உட்கார்ந்திருக்க, மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

மாவட்டப் போட்டிக்கு அவசியம் வாருங்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழையுங்கள், கைதட்டுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்