தகரம் உயர்ந்தால் சண்டை குறையாது

ஆசிரியருக்கு வணக்கம்,

உதைபந்தாட்ட மைதானங்களில் நடக்கிற அடிதடி பற்றி உங்கள் வாசகர் ஒருவர் எழுதியதை வாசித்தேன். சுற்றிவர உயரமாகத் தகரம் அடிக்க வேண்டும், எதிரணி ஊர்ச் சனத்தை உள்ளே விடக்கூடாது, மிஞ்சினால் பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்துக் கலைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய கோபம் விளங்குகிறது. பதினாறு வருடம் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவன் நான், முதுகுக்குப் பின்னால் இருந்து வந்து விழுந்த போத்தல்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடை போட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்கிற முதலாவதும் மூன்றாவதும் சண்டையை விட அதிகம் ஆளைக் கொன்றவை, இரண்டாவதால் பெரிய பிரயோசனம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மின்னொளிச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்கு என் தங்கையின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். (எந்த ஊர், எந்தக் கழகம் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் இந்தக் கடிதத்துக்கும் அடி விழும்.) அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ரிக்கெற் எடுக்காமல் ஒரு ஆளும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சுற்றிவரத் தகரம், போக வர ஒரேயொரு வாசல், அதிலும் பாதியை ரிக்கெற் கிழிக்கிற மேசை அடைத்துக்கொண்டு நின்றது, வெளியில் வாசலை ஒட்டியபடி மோட்டார் சைக்கிள்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் மத்தியஸ்தர் ஒரு தண்ட உதை கொடுத்தார். சரியான தீர்ப்பு, பந்து கையில் பட்டதை நானே கண்டேன், ஆனால் அதைக் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. முதலில் ஒரு போத்தல், பிறகு கதிரை, பிறகு இரண்டு பக்கமும் உள்ளே இறங்கிவிட்டது. அப்போது ஏற்பாட்டுக்குழுவில் யாருக்கோ ஒரு யோசனை, லைற்றை நிறுத்தினால் சண்டை நின்றுவிடும் என்று. ஜெனரேற்றரை நிறுத்தினார்கள்.

சண்டை நின்றது உண்மைதான். அவ்வளவு சனமும் இருட்டில் அந்த ஒரு வாசலுக்கு ஓடியது. பெடியனைத் தூக்கித் தோளில் போட்டேன், அதற்குப் பிறகு என் கால் நிலத்தில் இருந்ததா என்றே தெரியாது, சனம் கொண்டுபோன பக்கம் போனேன். மேசை விளிம்பு இடுப்பில் ஏறியது. எனக்கு முன்னால் நின்ற மனுசன் “தள்ளாதேங்கோ, தள்ளாதேங்கோ” என்று கத்திக்கொண்டே இருந்தார், கொஞ்ச நேரத்தில் சத்தத்தைக் காணோம், கத்துவதற்கு அவருக்கு மூச்சு இருக்கவில்லை. நாலைந்து பெடியள் பக்கத்துத் தகரத்தை உதைத்துக் கம்பத்தோடு சாய்த்தபடியால்தான் வெளியே வந்தோம். அந்தத் தகரம் கிழித்த தழும்பு என் முழங்கையில் இருக்கிறது, மருமகனின் ஒற்றைச் செருப்பு அங்கேயே போய்விட்டது. அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் யார் முதலில் கைவைத்தது என்பதுதான் கதை, வாசலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இங்கிலாந்திலும் முதலில் நடந்தது இதே தகரக் கணக்குத்தான், அங்கே கம்பிவேலி. ரசிகர்கள் சண்டைக்கு இறங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் மைதானத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் போட்டு வைத்தார்கள். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கும் அரையிறுதி. வெளியில் நெரிசல் கூடியதும் பொலிஸ் ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட, வந்த சனம் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக்குள் போய் அடைந்தது. முன்னால் நின்றவர்கள் வேலியோடு நசிந்தார்கள். வேலியில் ஏறித் தப்பப் பார்த்தவர்களைக் கண்டபோது, குழப்பம் செய்ய இறங்குகிறார்கள் என்றுதான் பொலிஸார் முதலில் நினைத்தார்கள். கடைசியில் 97 உயிர். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று வருடக்கணக்காகப் பழி சுமத்தப்பட்டது, 2016இல் மரண விசாரணை ஜூரிகள்தான் ரசிகர்களில் பிழை இல்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னார்கள். அந்த வேலிகளை இங்கிலாந்துக்காரரே பிடுங்கி எறிந்தார்கள், நாங்கள் இங்கே நட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு நாலு வருடம் முன், 1985 மே 11, பிராட்ஃபோர்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மரத்தால் கட்டிய பார்வையாளர் அரங்கு எரிந்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்க வாசல்கள் பூட்டியிருந்தன, அந்தப் பக்கம் ஓடியவர்களில் பலர் திரும்பவில்லை. முன்பக்கத்தில் வேலி இல்லை, மைதானத்துக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள்.

ரசிகர்கள் எல்லாரும் பச்சைப்பிள்ளைகள் என்று நான் சொல்லவில்லை. அதே மே மாதம் 29ஆம் திகதி பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் யுவெண்டஸ் பக்கம் பாய்ந்தார்கள், ஒதுங்கிய சனம் சுவரோடு நெரிந்து, அந்தப் பழைய சுவரும் இடிந்து, 39 பேர் செத்தார்கள். 1980 ஓகஸ்ட் 16 கல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்கள் மோதியதில் 16 பேர். இரண்டு ஊர்ச் சனத்தை ஒரே மூலையில் விட்டுவிட்டு நல்லது நடக்கும் என்று இருக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு வாசல், ஆட்டம் முடிந்ததும் ஒரு பகுதியை விட்டுப் பத்து நிமிடம் கழித்து மற்றப் பகுதி, இதற்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டாம், ஒரு கயிறும் நாலு பொறுப்பான ஆட்களும் போதும்.

எதிரணிச் சனத்தை அடியோடு தடுப்பது வேறு கதை. இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்தில் 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி அரேமா, பெர்செபாயா ஆட்டம், அன்று பெர்செபாயா ரசிகர்கள் மைதானத்தில் இருக்கவே இல்லை, உள்ளே விடவில்லை. சொந்த மைதானத்தில் தோற்ற அரேமா ரசிகர்கள் சிலர் கீழே இறங்கினார்கள், சனம் நிறைந்திருந்த இருக்கைகள் பக்கமும் பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, மூச்சு முட்டி வாசல்களுக்கு ஓடி நெரிபட்டு இறந்தவர்கள் 135 பேர். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கொண்டுபோகவே கூடாது என்று ஃபீஃபாவின் பாதுகாப்பு விதி சொல்கிறது. 1964இல் பெரு நாட்டின் லிமாவில் மத்தியஸ்தர் ஒரு கோலை மறுத்ததில் தொடங்கிய குழப்பம், கண்ணீர்ப்புகையும் பூட்டிய கதவுகளுமாகச் சேர்ந்து 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எங்களுக்கு லிமாவும் மலாங்கும் எதற்கு, 1974 ஜனவரி 10 இரவு உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் கூடியிருந்த சனத்தின் மேல் பொலிஸ் கண்ணீர்ப்புகையோடு இறங்கியதன் நினைவுத்தூண்கள் வீரசிங்கம் மண்டபத்தடியில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கண்ணீர்ப்புகை கேட்கிறவர் அந்த வழியால் ஒருக்கால் போய்வரலாம்.

சரி, என்னதான் செய்யலாம். இங்கிலாந்தில் மைதானப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது, பச்சை வழிகாட்டி என்று சொல்வார்கள். அதில் எனக்குப் பிடித்தது, உள்ளே எத்தனை பேர் நிற்கலாம் என்பதை இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, வாசல் எத்தனை பேரை வெளியே விடும் என்றும் பார்க்க வேண்டும் என்பது. சமதரையில் ஒரு மீற்றர் அகல வாசலால் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம், எல்லாரும் வெளியேற ஆகக்கூடியது எட்டு நிமிடம். பெருக்கிப் பாருங்கள், 656 பேர். நான் மாட்டுப்பட்ட வாசல் மேசை போக ஒரு மீற்றர் இருந்திருக்குமோ தெரியாது, அன்றைக்கு ரிக்கெற் புத்தகம் முடிந்து வெறும் தாளில் சீல் குத்தி விற்றார்கள்.

எங்கள் சனம் தடுப்பை மதிக்காது என்பதும் தெரிந்ததுதான், 2024 பெப்ரவரியில் முற்றவெளி இசை நிகழ்ச்சியில் தடுப்புகள் என்ன பாடு பட்டன என்று எல்லாரும் பார்த்தோம். அதனால் ஆளை மறிப்பதை விட ஆள் போக வழி வைப்பதுதான் முதல் வேலை. வெளிப்பக்கம் திறக்கிற இரண்டாவது, மூன்றாவது வாசல், ஒவ்வொன்றிலும் கடைசி விசில் வரை நகராமல் நிற்க ஒரு ஆள், திறப்பு அவர் கையில். (திறப்பு தலைவரின் வீட்டில் இருக்கிறது என்ற கதை வேண்டாம்.) லைற் எக்காரணத்துக்கும் நிற்கக்கூடாது.

தண்டனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தன் போத்தல் எறிந்தால் இங்கே கழகத்துக்கே ஒரு வருடத் தடை, பயிற்சிக்கு வந்த பதினாறு வயதுப் பிள்ளைகள் வீட்டில், எறிந்தவன் அடுத்த ஊர் ஆட்டத்தில் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில். இங்கிலாந்தில் ஆளுக்குத்தான் தடை, நீதிமன்றம் 3 முதல் 10 வருடம் வரை மைதானப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போடும், வெளிநாட்டில் ஆட்டம் என்றால் கடவுச்சீட்டையும் ஒப்படைக்க வேண்டும். எங்களுக்கு அவ்வளவு சட்டம் இல்லாவிட்டாலும் லீக்கும் கழகங்களும் சேர்ந்து பெயர்ப் பட்டியல் ஒன்றை வாசல்களுக்குக் கொடுக்கலாம். ஊருக்குள் எறிந்தவன் யார் என்று தெரியாத ஆள் இல்லை, சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த மாதம் எங்கள் பக்கத்திலும் ஒரு சுற்றுப்போட்டி வருகிறது. பின்பக்கத் தகரத்தில் இன்னொரு வாசல் வெட்டுங்கள், மேசையை வெளியே போடுங்கள் என்று குழுவிடம் கேட்டேன். வெட்டினால் பெடியள் ரிக்கெற் இல்லாமல் பூந்திடுவாங்கள், ஆர் காவல் நிற்கிறது என்றார்கள். நானே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
பழைய கோல் காப்பாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.