பாதாம் இலையைப் போடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டி பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். பத்து லிட்டருக்கு ஒரு காய்ந்த பாதாம் இலை போட்டால் தண்ணீர் அமிலத்தன்மைக்கு மாறும், எல்லா மீன்களுக்கும் நல்லது, நோய் வராது என்று அதில் இருந்தது. அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் இருக்கும் பாதாம் மரத்தடியில் ரெண்டு பேர் பையோடு இலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பத்திரிகையை இவ்வளவு பேர் படிக்கிறார்களே என்று சந்தோஷமாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

இலை கெடுதல் என்று சொல்ல வரவில்லை. என் தொட்டியிலும் கிடக்கிறது. ஆனால் எந்தத் தண்ணீருக்கு என்று சொல்லாமல் எத்தனை இலை என்று மட்டும் சொல்வது பாதிச் செய்தி. விட்டுப்போன பாதியில்தான் மீன் சாகிறது.

நான் இங்கே ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளில் பெரும்பகுதி பியூரெட்டும் பிப்பெட்டும் கழுவியே போனது. அதனால் மீன்தொட்டி வைத்தாலும் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. குடியிருப்பில் பிள்ளைகள் மீன் வாங்கினால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டீச்சர் இல்லை என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் ரெண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி வரும், இன்னொன்றில் போர் தண்ணீர். முதலாவது நல்ல தண்ணி, மற்றது உப்புத் தண்ணி. சிறுவாணி, மலையில் பெய்த மழை அணையில் தேங்கி வருவது. மண்ணுக்குள் அதிகம் தங்காததால் தாதுக்கள் அதில் கொஞ்சமாகத்தான் கரைந்திருக்கும். போர் தண்ணீர் அப்படியில்லை. பாறை இடுக்குகளில் நெடுநாள் கிடந்து கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஹீட்டரில் வெள்ளையாகப் படிவது அதுதான்.

இந்த பைகார்பனேட்தான் இங்கே முக்கியமான ஆள். தண்ணீரில் ஏதாவது அமிலம் விழுந்தால் அதைப் பிடித்து நடுநிலையாக்கி, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) இறங்காமல் பார்த்துக்கொள்ளும். அதன் அளவைத்தான் மீன் வளர்ப்பவர்கள் கேஎச் என்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் காரத்தன்மை என்போம். பாதாம் இலையிலிருந்து இறங்கும் டானினும் ஹியூமிக் அமிலமும் வீரியம் குறைந்த அமிலங்கள். கேஎச் குறைவாக இருந்தால் அவை பிஎச்சை இறக்கும். கேஎச் கூடுதலாக இருந்தால் அவற்றால் ஒன்றும் ஆகாது.

நம்பாதவர்கள் ரெண்டு வாளியில் ஒரே அளவு தண்ணீர் பிடித்து, ஒன்றில் நல்ல தண்ணி, ஒன்றில் உப்புத் தண்ணி, ஒரே மரத்து இலையைப் போட்டு ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். நான் வைத்தபோது ரெண்டும் ஒரே மாதிரி தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்தன. சிறுவாணி வாளியில் பிஎச் ஏழுக்குப் பக்கத்திலிருந்து ஆறை நெருங்கிவிட்டது. போர் தண்ணீரில் இறங்கவே இல்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. ஏறியதற்கு இலை காரணமில்லை. பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். வாளியில் நிற்கும்போது அது வெளியேற, பிஎச் தானாக ஏறும். ஆகவே மோட்டார் போட்டவுடன் பிடித்த தண்ணீரைச் சோதித்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு நாள் காற்றோட்டமாக வைத்துவிட்டுப் பாருங்கள்.

நிறத்தை வைத்து அமிலத்தைக் கணக்கிட முடியாது என்பதை இந்த வாளிகளே காட்டிவிடும். கடைகளிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. தண்ணீர் பழுப்பாகிவிட்டது, இனி அமிலம்தான் என்கிறார்கள்.

உப்புத் தண்ணி தொட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பிஎச் இறங்கவில்லையே என்று இன்னும் ரெண்டு இலை, அப்புறம் இன்னும் நாலு என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். இலை மக்கும்போது அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். வீட்டில் ஃபைட்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக் கூடிய மீன். 'என் மீனுக்கு ஒன்றும் ஆகலையே' என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி, அவருடைய தங்க மீனுக்கு ஆபத்தாகிவிடும்.

இதைவிட மோசமானது ஆர்ஓ தண்ணீர். மீனுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று குடிக்கிற ஆர்ஓ தண்ணீரையே தொட்டியில் ஊற்றுகிறவர்கள் நிறைய. அந்த இயந்திரம் உப்பை எடுக்கும்போது பைகார்பனேட்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. கேஎச் கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லலாம். அதில் உங்கள் குறிப்புப்படி பத்து லிட்டருக்கு ஒரு இலை போட்டால் பிஎச் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிஎச் ஏழிலிருந்து ஆறுக்கு வந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். ஐந்துக்கு வந்தால் நூறு மடங்கு. ஒன்றுதானே குறைந்திருக்கிறது என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை.

மேல்மாடித் தம்பி ஒருவன் டெட்ரா என்ற சின்ன மீன்கள் வளர்த்த தொட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். முழுக்க ஆர்ஓ தண்ணீர், அடியில் கைநிறைய பாதாம் இலை. பார்க்க அழகாக இருந்தது. சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மீன்கள் ஒதுங்கி நிற்க ஆரம்பித்தன. சோதித்தால் பிஎச் ஆறுக்குக் கீழே. ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை. பிஎச் ஆறுக்குக் கீழே போனால் அவை மந்தமாகிவிடும். கழிவு தண்ணீரிலேயே சேர்கிறது. ஆனாலும் மீன் சாகவில்லை, ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற ஆபத்துக் குறைந்த வடிவத்தில் இருக்கும். அவன் அப்பா பதறிப்போய், பிஎச் ஏற வேண்டும் என்று பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணியை ஊற்றிவிட்டார். ராத்திரிக்குள் பெரும்பாலான மீன்கள் போய்விட்டன.

கணக்கு இதுதான். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் விஷமான வடிவம் நூற்றுக்கு அரைப் பங்கு போல. பிஎச் 8 ஆனால் ஐந்து பங்குக்கு மேல். நம் ஊர் வெயிலில் இன்னும் கூடும். பல வாரமாகச் சேர்ந்திருந்தது ஒரே மணி நேரத்தில் விஷமாகிவிட்டது. இலை கொன்றது என்று அந்த வீட்டில் இன்னும் நம்புகிறார்கள்.

இலையின் மேல் பழி போடுவதில் இன்னொரு விஷயமும் மறைந்துவிடுகிறது. அந்த பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும் வேலையிலேயே அமிலம் உண்டாகிறது, பைகார்பனேட் செலவாகிறது. இலையே போடாத தொட்டியிலும் மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், ஆவியான அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் கேஎச் தேய்ந்து ஒரு நாள் பிஎச் சரியும். மீன் அதிகம், தீனி அதிகம் என்றால் சீக்கிரம். இலை அந்த வேலையைக் கொஞ்சம் துரிதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கேஎச் சோதிக்கும் சொட்டுமருந்து ஒன்று வாங்குங்கள். ஐந்து மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும்போது எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆர்ஓ சர்வீஸ்காரர் கொடுத்துவிட்டுப் போன டிடிஎஸ் மீட்டர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது இதற்கு உதவாது. கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்று உத்தேசமாகக் காட்டுமே தவிர, அதில் அமிலத்தைத் தாங்கும் பங்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சமையல் உப்பைக் கரைத்தாலும் எண் ஏறும்.

எங்கள் வீட்டு உப்புத் தண்ணி பதினைந்து சொட்டைத் தாண்டும், சிறுவாணி ரெண்டு சொட்டில் முடிந்துவிடும். ரெண்டையும் கலந்து நாலு டிகிரிக்குக் கொண்டுவந்து, அதில்தான் இலை போடுகிறேன். பிஎச் ஏழுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, தினமும் ஆடுவதில்லை. சிறுவாணி கிடைக்காத ஊர்களில் போர் தண்ணீரோடு ஆர்ஓ தண்ணீரையோ மாடியில் சுத்தமாகப் பிடித்த மழைநீரையோ கலக்கலாம். நகராட்சித் தண்ணீரானால் குளோரின் போக வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. இலையைப் பொறுத்தவரை நாற்பது ஐம்பது லிட்டருக்குப் பெரிய இலை ஒன்று என்று ஆரம்பித்து, ஒரு வாரம் பிஎச்சையும் கேஎச்சையும் ஒரே நேரத்தில், காலை என்றால் தினமும் காலையில், பாருங்கள். செடி வைத்த தொட்டியில் காலையில் ஒரு பிஎச், சாயங்காலம் ஒரு பிஎச் காட்டும். இலையின் வேலை என்று எண்ணிவிட வேண்டாம்.

கேஎச் ரெண்டுக்குக் கீழே வந்துவிட்டால் ஒரு சின்ன வலைப்பையில் கழுவிய கிளிஞ்சலைப் போட்டு ஃபில்டரில் வைத்தால் போதும். தண்ணீர் அமிலமாக ஆக அது மெதுவாகக் கரையும், தேவைக்கு மேல் கரையாது. சமையல் சோடாவும் வேலை செய்யும். ஐம்பது லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி நாலு டிகிரி வரை ஏற்றிவிடும் என்பதால் கால் தேக்கரண்டிக்கு மேல் ஒரே நாளில் போடக் கூடாது, அதுவும் அம்மோனியா இல்லை என்று பார்த்த பிறகு. வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் கலக்காதீர்கள். அது சரேலென்று பிஎச்சைத் தூக்கிவிடும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். உப்புத் தண்ணியில் அதை ஊற்றினால் பைகார்பனேட் கரியமில வாயுவாக மாறி, பிஎச் இறங்கியது போலக் காட்டும். வாயு வெளியேறியதும் மறுநாள் பழையபடி ஏறியிருக்கும். மீண்டும் ஊற்றுவார்கள். ஏறி இறங்குவதில்தான் மீனுக்கு வதை. நிலையாக எட்டில் இருக்கும் தண்ணீரிலேயே பெரும்பாலான மீன்கள் சௌகரியமாக இருந்துவிடும்.

'எல்லா மீன்களுக்கும்' என்பதும் சரியில்லை. கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்கள் கடினமான, சற்றுக் காரமான தண்ணீரில்தான் தெம்பாக இருக்கும். உப்புத் தண்ணி அவற்றுக்கு வரம். அதை அமிலமாக்க எதற்கு மெனக்கெட வேண்டும்? இலை பொருத்தமாக இருப்பது ஃபைட்டருக்கும் டெட்ராக்களுக்கும். கார்டினல் டெட்ராவின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறு. காட்டு இலைகள் ஊறி ஊறி அந்த ஆறே கருத்திருக்கும், பிஎச் ஐந்துக்குக் கீழேகூட இருக்கும். ஆனால் அங்கேயும் தண்ணீரில் தாது கிட்டத்தட்ட இல்லாததால்தான் இலைக்கு அந்த வல்லமை. ஃபைட்டரின் ஊரான தாய்லாந்தில் மீன் வளர்ப்பவர்கள் இதே பாதாம் இலையைப் போடுவது நெடுநாள் பழக்கம்.

இலை எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. தானாக விழுந்து, பழுப்பாகக் காய்ந்தது மட்டும். பச்சை இலை அழுகி நாறும். சாலையோர மரமும் மருந்தடித்த தோட்டமும் வேண்டாம். நன்றாகக் கழுவி, கொதிநீர் ஊற்றி ஆறவைத்துப் போட்டால் சீக்கிரம் அடியில் தங்கும். மேலே வெள்ளையாகப் படர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம், இறால் வைத்திருந்தால் அதுவே மேய்ந்துவிடும். நரம்பு மட்டும் மிஞ்சும்போது எடுத்துவிடலாம். நிறம் பிடிக்காவிட்டால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தால் தெளிந்துவிடும். மருந்து என்று நினைத்து வேப்பிலை போடுகிறார்கள். வேம்பின் சாறு மீனுக்கு ஆகாது. அரளி பக்கமே போகாதீர்கள்.

நோய் வராது என்று உறுதி சொன்னதையும் கொஞ்சம் மாற்றிப் போடலாம். டானினுக்குச் சில பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் மட்டுப்படுத்தும் குணம் உண்டு. அதற்காக வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றாத தொட்டியை இலை காப்பாற்றிவிடாது.

அடுத்த ஞாயிறு அந்தப் பகுதியில் ஒரு நாலு வரி இடம் இருந்தால், இலை போடும் முன் கேஎச் பார்க்கவும், ஆர்ஓ தண்ணீரில் அப்படியே போட வேண்டாம், சரிந்த பிஎச்சை ஒரே நாளில் ஏற்ற வேண்டாம் என்ற மூன்றையாவது வெளியிடுங்கள். மதில் ஓரம் இலை பொறுக்கிய ரெண்டு பேரிடமும் நானே சொல்லிவிட்டேன். ஒருவர் சொட்டுமருந்து வாங்கிவிட்டார். இன்னொருவர் பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே டீச்சர் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.