மாப்ள, வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?

மாப்ள, நல்லா இருக்கியா, பேரன் பொறந்த சேதிய ஆச்சி சொன்னாங்க, ரொம்ப சந்தோசம்டா. நான் இப்ப நம்ம செட்டிநாட்டுப் பக்கந்தான் சுத்திக்கிட்டு இருக்கேன், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம்னு ஊர் ஊரா போயி டெங்குவ எதுத்து ஒடம்பு உண்டாக்குற ஆன்டிபாடி இருக்கான்னு பாக்க ரத்தம் எடுக்குறோம். காலேஜ்ல இம்யூனாலஜி நடத்துற ஆளு ஐஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னா சனங்களுக்கு ஒரே சிரிப்பு.

எனக்கெல்லாம் டெங்குவே வந்ததில்லன்னு அடிச்சு சொல்றவங்க ரத்தத்துலயும் ஐஜிஜி இருக்கு, அதான் முன்ன வந்துட்டுப் போனதக் காட்டுற ஆன்டிபாடி. முக்காவாசி பேருக்கு வந்ததே தெரியாம போயிரும், அது சகஜந்தான். வம்பு எங்கன்னா இதுல நாலு வகை வைரஸ், ஒன்னு வந்து போனா அந்த வகை திரும்ப வராது, ஆனா அடுத்து வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடி அது மேல ஒட்டுமே தவிர அடக்காது, ஒட்டுனதோட சேத்து நம்ம செல்லே வைரஸ உள்ள இழுத்துக்கும், காவக்காரனே கதவத் தொறந்து விட்ட கததான். பிலிப்பைன்ஸ்ல 2016ல ஸ்கூல் பிள்ளைகளுக்கு தடுப்பூசி போட ஆரம்பிச்சு, முன்ன டெங்கு வராத பிள்ளைகளுக்கு இது ஆபத்தா போகலாம்னு 2017ல கம்பெனியே சொல்லி, அங்க நிறுத்திட்டாங்கள்ல, அதுக்கும் காரணம் இதான்னு சொல்றாங்க.

இன்னொன்னு, காய்ச்சல் விட்டுருச்சுன்னு மறுநாளே வயலுக்குப் போயிர்றாங்க. மூனாம் நாள்லேருந்து ஏழாம் நாளுக்குள்ள காய்ச்சல் எறங்குற நேரந்தான் ரத்தக்குழாய்லேருந்து நீர் கசியும், வயித்துவலி, விடாத வாந்தின்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வலிக்கு ஊசி போடுங்கன்னு கேட்டு வாங்குறாங்க பாரு, அதான் எனக்கு எரிச்சல், பாரசிட்டமால் போதும்டா, மத்த வலி மாத்திரை ரத்தக்கசிவக் கூட்டிவிட்டுரும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்க வீட்டு நடு முத்தம், அதான் வளவு வாசல்ல, நாலு பக்க ஓட்டுத்தண்ணியும் விழுகுற எடத்துல அப்பச்சி காலத்து அண்டா கெடக்குமே, அது இன்னும் அங்கதான் இருக்கா? டெங்குவப் பரப்புற கொசு சாக்கடைல முட்ட போடாது, இந்த மாதிரி தெளிஞ்ச தண்ணிலதான் போடும், எட்டு பத்து நாள்ல கொசுவாயிரும். தண்ணி வத்துனாலும் முட்ட பாத்திரத்து ஓரத்துல மாசக்கணக்குல உசுரோட ஒட்டிக்கிட்டு கெடக்கும், அடுத்த மழைக்கு பொரியும், அதனால கவுத்து வச்சா மட்டும் பத்தாது, தேச்சுக் கழுவணும். கொசு ஒழிக்க வர்ற பிள்ளைங்க எல்லா வீட்டுலயும் பாக்குறாங்க, பூட்டுன வீட்டுக்குள்ள எப்படிப் போவாங்க? உங்க தெருவுல பூட்டாத வீட்ட எண்ணிரலாம்டா.

சாவிய யார்கிட்டயாச்சும் குடுக்கச் சொல்லு. வளவு வரைக்கும் தொறந்தா போதும், சாமான் பூட்டி வச்சிருக்குற பெட்டக ரூம் பக்கம் ஒருத்தரையும் விட மாட்டேன், நானே கூட நிக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிரணும். பங்காளிககிட்டயும் கேட்டுட்டு வாட்ஸப்ல போடு.