செவ்வாய்க்குக் கப்பல் விடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் நாவலின் முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். நம் கோலாலம்பூர் செந்தூல்காரப் பையன் ஒருவன் விண்கப்பலில் போவதைத் தமிழில் படிக்க எத்தனை ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா! அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: செவ்வாயில் இருக்கும் அவன், தைப்பூசத்தன்று பத்துமலையில் நிற்கும் அம்மாவோடு போனில் பேச்சுக்குப் பேச்சு பேசுகிறானே, அந்தக் காட்சியை எடுத்துவிடு.

ரேடியோ அலை செவ்வாய்க்குப் போய்ச்சேர, இரண்டு கோள்களும் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம்வரை ஆகும். "சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டால், பதில் வருவதற்குள் அவர் பால்குடத்தோடு 272 படியும் ஏறி முடித்திருப்பார்.

இதை இடைஞ்சலாக நினைக்காதே. உன் கதையே அங்கேதான் இருக்கிறது. நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். ஊரில் சாவு விழுந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எஸ்டேட்டுக்கு வரும். அந்தத் தூரம் நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அதை எழுது.

ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலுக்காகக் கப்பல் போகும் பாதையைக் கணக்கிடத் தானே கணினி நிரல் எழுதியவர். தொடக்கத்தில் வரும் புயல் மட்டும் நடக்காத காரியம். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 'எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளி நாவல் வரிசையில் என்ஜின் முழுக் கற்பனை. ஆனாலும் பாதி வழியில் கப்பலைப் பின்பக்கம் முன்னாகத் திருப்பி, அதே என்ஜினால்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். என்ஜின் நின்றால் உடல் மிதக்கிறது. இப்படி ஒரு கற்பனையை வைத்துக்கொண்டு மற்றதில் கறாராக இருந்தால் எனக்குச் சம்மதமே.

2007 அக்டோபரில் நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபர் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் போனபோது, அங்கே கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் பக்கம், எந்தத் திசை, தொழுகை நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று இங்கே வழிகாட்டியே வெளியிட்டார்கள். எந்தச் சண்டைக் காட்சியையும்விட எனக்கு அது பெரிய விண்வெளிக் கதை. உன் நாயகனும் யோசிக்கட்டும்: செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட ஏறக்குறைய 40 நிமிடம் நீளம். அங்கே விரதத்தை எந்தக் கணக்கில் பிடிப்பான், எப்போது முடிப்பான்?

இன்னொன்று, நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. இரண்டு கோள்களும் பயணத்துக்குத் தோதான இடத்துக்கு வருவது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான்; அப்போதுதான் வழி திறக்கும். 2026 இறுதியை விட்டால் 2028 இறுதி. சிக்கனமாகப் போனால் பயணம் எட்டரை மாதம். அவனை 2028 டிசம்பர் கடைசியில் அனுப்பு. அடுத்த மாதமே தைப்பூசம் வருகிறது. அன்று கப்பல் இன்னும் பூமிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்; அம்மாவின் கேள்விக்குப் பதில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். மறுவருடத் தைப்பூசத்தில் அவன் செவ்வாயில் இருப்பான்; அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதை அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுபோ.

திருத்தியதும் அனுப்பு, உடனே படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா
கோலாலம்பூர்