ஆலிவ் எண்ணெய்க்கு டிஎன்ஏ சோதனை: உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆலிவ் எண்ணெய் வசதியான வீட்டுச் சரக்கு மட்டுமல்ல. கைக்குழந்தைக்குத் தேய்க்க மருந்துக்கடையில் சின்ன டின் வாங்குகிறார்கள். இதய நோய்க்காரர்கள் சமையலுக்கு வாங்குகிறார்கள். கொடுத்த காசுக்கு உள்ளே இருப்பது ஆலிவ்தானா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

டிஎன்ஏ சோதனை இதற்கு உதவும். பழத்தைப் பிழியும்போது அதன் செல் துணுக்குகள் கொஞ்சம் எண்ணெயில் தங்கிவிடும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கினால் எந்தச் செடி என்று தெரிந்துவிடும். ஆலிவின் ரகத்தைக்கூட ஓரளவு சொல்லலாம்.

ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. சுத்திகரித்த எண்ணெயில் டிஎன்ஏ அநேகமாக அழிந்துபோகும். அதனால் ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயைக் கலந்தால் டிஎன்ஏவில் சிக்காமல் போகலாம். அதைக் கொழுப்பு அமிலச் சோதனைதான் பிடிக்கும். மட்டமான ஆலிவ் எண்ணெயையே எக்ஸ்ட்ரா வர்ஜின், அதாவது முதல் தரம், என்று விற்றாலும் டிஎன்ஏ காட்டிக்கொடுக்காது, எல்லாம் ஒரே மரம்தானே. அங்கே அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்றும், புற ஊதாக் கதிர் சோதனையிலும் பார்க்க வேண்டும். அதனால் டிஎன்ஏ சோதனையும் இந்த மாதிரி ரசாயனச் சோதனைகளும் சேர்ந்தே வேண்டும்.

இந்தச் சோதனை செக்கு எண்ணெய்க்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. இங்கே தினமும் புழங்குவது நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்தான். செக்கில் ஆட்டியதைச் சுத்திகரிப்பதில்லை, ஆகவே டிஎன்ஏ கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இது வெறும் காசு விவகாரம் இல்லை. 1981இல் ஸ்பெயினில், அனிலின் என்ற ரசாயனம் கலந்த, தொழிற்சாலைக்கான ரேப்சீட் (கடுகு இனத்துச் செடி) எண்ணெயை ஆலிவ் எண்ணெய் என்று விற்றார்கள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டு, 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு என்ற விஷச்செடியின் விதை எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் பலியானார்கள்.

2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைச் சோதனைக்குக் கொடுக்கலாம். எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் ரேஷன் கடைகளில் கட்டணம், மாதிரி கொடுக்கும் இடம், முடிவு வரும் நாள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். டிஎன்ஏ வசதி உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால், வரும் பட்ஜெட்டில் அதற்குப் பணம் கேளுங்கள். அப்புறம், தப்பு செய்த பிராண்டின் பெயரையும் பேட்ச் எண்ணையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வண்ணாரப்பேட்டைவாசி