நாளைக்கு எதுல களி கிண்டறது?

கிருஷ்ணகிரி
ஞாயிறு மதியம்

அன்புள்ள மல்லி,

முதலில் திட்டி முடித்துவிடு, நான் காத்திருக்கிறேன். உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை, அப்புறம் போனும் பண்ணவில்லை, வாட்ஸ்அப்பில் கும்பிடு போட்டதோடு சரி. ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. இவர் எப்போதும் போல. பெரியவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னவோ படிக்கிறானாம். குசலம் இவ்வளவு போதும்.

போனில் சொல்லியிருக்கலாம். நடுவில் நீ சிரித்துவிடுவாய், நானும் சிரித்துவிடுவேன், விஷயம் போய்விடும். அதனால்தான் கடிதம். கடைசியில் உன்னிடம் ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டில் பால் பொங்கிய அன்றுதான் எங்கள் பள்ளியில் கண்காட்சி. இன்டர்நேஷனல் ஸ்கூல் என்றால் சும்மாவா? சுவரெல்லாம் ஐ.நா.வின் 17 இலக்குகள், வண்ண வண்ணக் கட்டங்களாக. 2015இல் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்டவை, 2030க்குள் எட்ட வேண்டியவை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு ‘கையால் செய்து’ காட்ட வேண்டும். போன வருடம் ஒரு வகுப்பு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் தொங்கும் தோட்டம் போட்டது. பிள்ளைகள் வீட்டில் பழைய பாட்டில் ஏது? பெற்றோர் புதுத் தண்ணீர் பாட்டிலாகப் பெட்டி பெட்டியாக வாங்கி, தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, காலி பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார்கள். பரிசும் கிடைத்தது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு, நம் வழக்கப்படி.

என் லட்சணமும் அதே வருடம் தெரிந்துவிட்டது. உரக்குழி. மாம்பழ சீசன், கேன்டீனில் தோலும் கொட்டையும் மலையாகக் குவிந்தது. எல்லாவற்றையும் குழியில் போடச் சொன்னேன். காய்ந்த சருகு சேர்க்க மறந்தேன். கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்று போர்டில் எழுதிப் போட்டவளே நான்தான்! ஒரு வாரத்தில் நாற்றம் பிரின்சிபால் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குப் பார்த்து வெளியூர் விருந்தாளிகள். எங்கள் வீட்டுக் குப்பைமேட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போனதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. “உன்னைப் படிக்க வெச்சதே தப்பு” என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் என் பிள்ளைகளுக்கு ஆறாவது இலக்கு, தண்ணீர். கேம்பிரிட்ஜ் பாடத்தில் குழுவாக ஒரு செயல்திட்டம் செய்தாக வேண்டும். முதல் நாள் பாலித் தீவில் 2008இல் தொடங்கிய, மூங்கிலாலேயே கட்டிய பள்ளியின் வீடியோ காட்டினேன். வாயைப் பிளந்து பார்த்தார்கள். நம் நாகர்கூடலில் புவிதம் பள்ளி இருக்கிறது, சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கியில் துளிர் இருக்கிறது என்றேன். “அது எங்க மேம் இருக்கு?” என்று கேட்டார்கள். பாலி எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை பார்.

நமக்குத் தண்ணீர் என்றால் எது முதலில் நினைவுக்கு வரும்? கறை பிடித்த பல்தான். புளோரைடு சோதனைக் கிட் வாங்கினேன். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சிவந்த மருந்து சில சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும். புளோரைடு ஏற ஏற அந்தச் சிவப்பு செத்து மஞ்சளாகும். பக்கத்தில் வண்ண அட்டையை வைத்து ஒப்பிட வேண்டியதுதான். அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். ஓசூர் அடுக்குமாடி வீடுகளின் ஃபில்டர் தண்ணீர் எல்லாம் ரோஜாப்பூ நிறம். கடைசியில் எங்கள் பள்ளி ஆயா, தன் வீட்டுத் தண்ணீரை ஒரு ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்து “இதையும் பாருங்க டீச்சர்” என்று வைத்தார். ராயக்கோட்டைப் பக்கம் கொல்லைக்குள் தனி வீடு, சொந்த போர்வெல். ஒகேனக்கல் தண்ணீர் 2013இல் நம் பக்கத்து ஊர்களுக்கு வந்தது. ஆனால் ஊர்க்குழாய்க்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் நாலு கொல்லை கிடக்கிறது.

ஒரு பெண் சொட்டு விட்டாள். குப்பியை ஆட்டினாள். பிறகு மெதுவாக, “மேம், கலர் போயிடுச்சு” என்றாள். வெளிர் மஞ்சள், அட்டையில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய கட்டம். அதற்கு மேல் போனால் குடிக்கத் தகாது.

அப்புறம் பாடம் என்னவோ நன்றாகத்தான் போனது. நம் பாறையில் இருக்கும் அப்படைட், பயோடைட் மாதிரிக் கனிமங்களிலிருந்து இது கரைந்து வருகிறது, ஆழமான போரில் தண்ணீர் நெடுங்காலம் பாறையோடு கிடப்பதால் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும் என்றெல்லாம் சொன்னேன். பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் கறை ஏறும், தேய்த்தால் போகாது என்றேன். பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“மேம், அதனாலதான் நீங்க கையை வெச்சுச் சிரிக்கிறீங்களா?”

மல்லி, 20 வருடம் பாடம் நடத்துகிறேன். இப்படி நேராக ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு வரிசையாக வரச்சொல்லி, வாயைத் திறந்து காட்டினேன். பழுப்புக் கோடு, வெள்ளைத் திட்டு, கீழ்ப்பல்லில் இருக்கும் சின்னக் குழி, எல்லாம். ஒருத்தன் போனில் டார்ச் அடித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. நம் கல்லூரி குரூப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன் அன்று ராத்திரி. பல் தெரியச் சிரிப்பது சேலத்துக்காரி ஒருத்திதான். நாமெல்லாம் என்னவோ துக்க வீட்டுக்குப் போன மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறோம். ஹாஸ்டலில் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஈறு கிழிந்ததுதான் மிச்சம். வார்டன் அம்மா இப்போது இருந்தால் அதையும் ஒரு செயல்திட்டம் என்பார்.

இனிமேல்தான் எனக்குத் தூக்கம் கெட்ட கதை. ஆயாவைக் கூப்பிட்டுப் பிள்ளைகள் முடிவைச் சொன்னார்கள். பெருமையாக, படமெல்லாம் போட்டு. அவர் கடைசிவரை கேட்டார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சரிங்க, கெட்ட தண்ணின்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு எதுல களி கிண்டறது?”

எங்கள் கையேட்டில் இதற்குப் பக்கம் கிடையாது.

புளோரைடைப் பிரிக்க நல்கொண்டா முறையை முயன்றோம். நாக்பூர் ஆய்வகத்தார் எழுபதுகளில் சொன்னது: படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல்தண்ணீரை எடுப்பது. வாளியில் செய்து சோதித்தால் குப்பியில் இளஞ்சிவப்பு கொஞ்சம் திரும்பி வந்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆயா, “நாலரைக்கு எழுந்து மாட்டைப் பார்த்துட்டு ஆறரை பஸ்ஸைப் புடிக்கிறவ, இதைக் கலக்கிட்டு எப்பங்க உக்காந்திருக்கிறது?” என்றார். அடியில் தங்கும் சேற்றை எங்கே கொட்டுவது என்றும் அவர்தான் கேட்டார். பள்ளியின் ஆர்.ஓ. தண்ணீரில் தினம் ஒரு கேன் கொடுக்கலாமா என்று நான் மேலே கேட்டேன். வளாகத்திலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது, விதி. சரி என்று வந்துவிட்டேன். ஆனால் அந்த ஆர்.ஓ. ஒரு வாளி நல்ல தண்ணீர் தர இரண்டு வாளியைக் கழித்துப் புல்வெளிக்கு அனுப்புவதைப் பிள்ளைகள் வாளி வைத்து அளந்துவிட்டார்கள். அந்த அட்டையைக் கண்காட்சியில் வைக்கவேண்டாம் என்று சொல்லப்பட்டது. வைக்கவில்லை. நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

கண்காட்சியில் முதல் பரிசு எங்களுக்குத்தான். அட்டையில் ஆயா வீட்டுக்கு ‘மூன்றாம் வீடு’ என்று பெயர் போட்டு மஞ்சள் வட்டம். அதற்கு முன்னால் தட்டோடு நின்று விருந்தாளிகளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார் மூன்றாம் வீட்டுக்காரர். மதிப்பெண் வந்தது, அட்டைகளைக் கழற்றினார்கள், அடுத்த பாடம் ‘ஆற்றல்’. அவர் அன்று சாயங்காலமும் வீட்டுக்குப் போய் அதே போர் தண்ணீரில்தான் உலை வைத்திருப்பார். உனக்குப் போன் பண்ண எனக்கு முகம் இல்லாமல் போனது அதனால்தான்.

நல்லவேளை, மூன்று பேர் விடவில்லை. குப்பி ஆட்டிய பெண், டார்ச் அடித்தவன், இன்னொருத்தன். மழைத்தண்ணீரில் புளோரைடு கிடையாதே மேம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயா வீட்டுக்குப் போய் டேப் பிடித்து அளந்தோம். தகரக் கூரை, 20 அடிக்கு 12 அடி, ஏறக்குறைய 22 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 22 லிட்டர். நம் பக்கம் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் என்று வை, சிந்தியது சிதறியது போக 14,000 லிட்டர் தேறும். வீட்டில் நாலு பேர், குடிக்க, களி கிண்ட, குழம்பு வைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். வருடம் முழுக்க 7,300தான். மழை போதும் மல்லி! பிடித்து வைக்கத்தான் இடமில்லை. தை முதல் சித்திரை வரை மழையை நம்ப முடியாது, அந்த நாலு மாதத்துக்கே 2,400 லிட்டர் கையில் வேண்டும்.

பரிசுப் பணத்தில் 1000 லிட்டர் டேங்க் ஒன்று வாங்கினோம். கறுப்பு, வெளிச்சம் புகாதது, இல்லையென்றால் பாசி பிடிக்கும். நாலு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தாழ்வாரத்தில் கட்ட வேண்டும். டார்ச் பையன் வாழ்க்கையில் முதல்முறையாக ஆக்சா பிளேடு பிடித்தான். பிளேடு கோணிக்கொண்டு போகிறது, இவன் அதன் பின்னாலேயே போகிறான். ஆயாவின் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார், பார்த்தார், கடைசியில் எழுந்து வந்து பைப்பின் மேல் ஒரு காலை வைத்து மிதித்து, பையன் கைமேல் தன் கையை வைத்து இழுத்தார். அதற்கப்புறம் நேராகப் போனது. பையன் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ராத்திரி அவன் அம்மா அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுத?

முதல் மழையில் கூரைத் தூசும் எச்சமும் வரும் என்று அதைத் தனியாகக் கழிக்க ஒரு குழாய், வாயில் வேட்டித்துணி, சுற்றிக் கொசுவலை. போன வாரம் இடியும் காற்றுமாக இரண்டு நாள் பெய்ததே, இரண்டாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்குப் போன். “டீச்சர், ரொம்பிடுச்சு. வழிஞ்சு ஓடுது. என்ன பண்றது?” குடம், அண்டா, குழந்தை குளிக்கும் டப்பு எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டாராம். அப்புறமும் ஓடுகிறதாம். பக்கத்தில் வீட்டுக்காரர் குரல் கேட்டது, சப்பென்று இருக்கிறது, உப்பில்லாத களி மாதிரி, போர் தண்ணிதான் தண்ணி என்று. அந்த மனிதரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தண்ணீரைக் காய்ச்சலாம்.

இப்போது என் காரியம். பாலக்கோட்டில் உன் தம்பி கடையில் 1000 லிட்டர் டேங்க் இரண்டு, அடக்க விலைக்குக் கிடைக்குமா? ஒன்றுக்கு நான் போடுகிறேன், இன்னொன்றுக்குப் பிள்ளைகள் கையில் கொஞ்சம் இருக்கிறது, மீதியைத் தவணையாகத் தருகிறேன் என்று சொல். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கீழே குழாய் வைக்க ஓட்டை போட்டே கொடுக்கச் சொல். என் பெயரைச் சொல்லாதே, பழைய சைக்கிள் கணக்கை எடுத்துவிடுவான். புரட்டாசி, ஐப்பசி மழைக்குள் வந்துவிட வேண்டும். ஆயாவின் பேத்திக்கு இரண்டு வயது நடக்கிறது. பால்பல் விழுந்தபின் முளைக்கிற முன்பல் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்.

டெம்போ வாடகை நான் பார்த்துக்கொள்கிறேன். விலை கேட்டு புதன்கிழமைக்குள் சொல்.

உன்
வாய்பொத்தி

பி.கு.: கிரகப்பிரவேசப் பாத்திரம் வாங்கி வைத்துவிட்டேன். டெம்போ பாலக்கோட்டுக்கு வரும்போது தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.